குருதியும் இரும்பும்

வளர்ந்த மனிதன் ஒருவனின் உடம்பிலுள்ள இரும்பு முழுவதையும் பிரித்தெடுத்து ஒன்றுசேர்த்தால், அதன் நிறை 3 அல்லது 4 கிராமுக்கு மேற் போகாது. ஓரிரண்டு சிறிய ஆணிகள் செய்வதற்கே அது போதும். ஆயினும் இந்தச் சிறு நிறையை நம்பியே உயிர் தங்கியிருக்கின்றது. அதிற் பெரும்பங்கு குருதியிலே, செங்குழியங்களுக்குச் சிவப்பு நிறத்தைத் தரும் ஈமோகுளோபின் என்னும் புரதத்தில் அமைந்துள்ளது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஒட்சிசனைப் பற்றிப் பிடித்து, உடம்பின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசென்று கொடுப்பது அந்த இரும்பே.

இரும்பைப் பொறுத்தவரையில் நமது உடம்பு ஒரு விந்தையான குளம். வாய்க்கால் உண்டு; வான் இல்லை. உணவிலிருந்து நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் இரும்பு குடல்வழியாக உள்ளே வருகின்றது. உதிரும் தோலோடும் குடலின் உட்சுவரோடும் ஏறக்குறைய அவ்வளவே வெளியேறுகின்றது. மிகுந்து வந்தால் அதனைத் திறந்துவிடுவதற்கு மதகு எதையும் இயற்கை அமைக்கவில்லை. ஆதலால் வாய்க்காலின் வாயிலிலேயே காவல் வைத்து, வேண்டிய அளவை மட்டும் உள்ளே விடுகின்றது. அந்தக் காவலைச் சுற்றிப் போய், குருதி நாளத்தின் வழியாகவே இரும்பைக் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு போத்தல் குருதியில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உண்டு. மாதந்தோறும் குருதி ஏற்றப்படும் ஒரு குழந்தையின் குளத்தில் வெள்ளம் எவ்வளவு விரைவில் கரையை முட்டும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மாதந்தோறும் குருதி ஏற்றினாலன்றி உயிர் தரிக்கமாட்டாத குழந்தைகள் உலகில் இலட்சக்கணக்கில் உள்ளனர். அவர்களைப் பற்றிய நோய் தலசீமியா எனப்படும். அந்நோயின் மூலத்தை மூலக்கூறு வரையில் துருவிக் கண்டவர்களுள் முதல் வரிசையிலே வைத்து எண்ணத்தக்கவர் சேர் டேவிட் வெதரோல் என்னும் ஆங்கில மருத்துவர். அவருடைய ஆராய்ச்சியின் கடைசி இருபது ஆண்டுகளிற் பெரும்பகுதி நமது குருநாகல் வைத்தியசாலையோடு பிணைந்திருந்தது என்பது இத்தீவிற் பலர் அறியாத செய்தி.

டேவிட் ஜோன் வெதரோல் 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லிவர்ப்பூல் நகரிலே பிறந்தார். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திலேயே பயின்று 1956 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஆங்கிலேய இளைஞர் ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகள் படைச்சேவை செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அச்சட்டத்தின்படி இவர் 1958 இல் படை மருத்துவராகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த பிரித்தானியப் படை வைத்தியசாலையிலே குழந்தைகள் விடுதி ஒன்று அவர் பொறுப்பில் விடப்பட்டது. குழந்தை மருத்துவத்தில் அவருக்குத் தனிப் பயிற்சி ஏதும் இருந்ததில்லை. படைகளில் வேலைகள் பகிர்ந்தளிக்கப்படும் முறை எக்காலத்தும் இதுவே போலும்.

அவ்விடுதியில் கூர்க்காப் படைவீரர் ஒருவரின் பெண்குழந்தை கிடந்தது. வயது இரண்டளவில் இருக்கும். வெளிறிய முகம், வீங்கிய வயிறு. குருதி ஏற்றினாற் சில வாரங்களுக்குத் தெம்பு வரும். பின்னர் பழையபடி சோர்ந்து விழும். ஏன் இப்படியாகின்றது என்று எவருக்கும் விளங்கவில்லை. வெதரோல், சிங்கப்பூர்ச் சர்வகலாசாலையின் உயிரிரசாயனவியலாளர் பிராங்க் வெல்லா என்பவரின் துணையை நாடினார். வடிதாளையும் மோட்டார் வண்டி மின்கலங்களையும் கொண்டு, மின்னோட்டத்தினாற் புரதங்களைப் பிரித்தறியும் ஒரு கருவியை ஒப்பேற்றிக்கொண்டார். குழந்தையின் குருதியையும் பெற்றோரின் குருதியையும் அதிலே சோதித்தபோது விடை கிடைத்தது. குழந்தைக்குத் தலசீமியா.

அந்த விடை ஏன் வியப்பைத் தந்தது என்பதை உணர, நோயின் பெயரையே சற்று நோக்கவேண்டும். 1925 இல் அமெரிக்காவின் டிற்றோயிட் நகரிலே தோமஸ் கூலி என்னும் குழந்தை மருத்துவர் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். அவர் கண்ட குழந்தைகள் இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் குடியேறியோரின் மக்கள். ஆகவே இது மத்தியதரைக் கடலோரத்தாரின் நோய் என்று கொண்டு, கடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தலசீமியா என்னும் பெயரைப் பின்வந்தோர் அமைத்தனர். கடலையே காணாத இமயமலைச் சாரலில் வாழும் நேபாளக் குடும்பம் ஒன்றிலே அந்நோய் தோன்றியது பெயரையே பொய்யாக்கியது. இன்று நாம் அறிவோம்: மத்தியதரைப் பகுதி தொடங்கி, மேற்காசியா, இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து, சீனத்தின் தென்பகுதி ஈறாக, உலகின் வெப்பநாடுகளெங்கும் பரந்து கிடக்கும் நோய் இது. எனினும் பெயர் மட்டும் மாறவில்லை. ஒருமுறை பாடநூலில் ஏறிய பெயரை இறக்குவது எளிதன்று.

வெதரோலும் வெல்லாவும் இக்கண்டுபிடிப்பை 1960 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே வெளியிட்டனர். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். வந்தது கண்டனம். போர்த்துறையின் அனுமதியின்றிப் படையினரைப் பற்றிய செய்தியை வெளியிட்டது குற்றம் என்றும், பெயர்பெற்ற படைப்பிரிவொன்றில் பரம்பரைக் குறை உண்டென்று உலகறியச் சொன்னது தகாத செயல் என்றும், இராணுவ விசாரணைக்கே ஆளாக நேரலாம் என்றும் மேலிடம் எச்சரித்தது. பரம்பரை நோய் ஒன்றை மானக்கேடாகக் கருதும் வழக்கம் கிராமத்துத் திருமணப் பேச்சுகளில் மட்டுமன்றி, தலைமைப் படைத் தளங்களிலும் இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

படைச்சேவை முடிந்ததும் வெதரோல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: தலசீமியாக் குழந்தையின் செங்குழியத்தில் நடப்பதென்ன?

ஈமோகுளோபினை நால்வர் தூக்கும் பல்லக்குக்கு ஒப்பிடலாம். அதன் நான்கு புரதச் சங்கிலிகளுள் இரண்டு அல்பா வகை. இரண்டு பீற்றா வகை. இரு வகையும் சரிபாதியாகச் சேர்ந்தாற்றான் பல்லக்கு நேராகச் செல்லும். தலசீமியாவில் இவற்றுள் ஏதோ ஒரு வகையின் உற்பத்தி குன்றியிருக்கலாம், ஆகவே அந்நோய் அல்பா என்றும் பீற்றா என்றும் இரண்டாக இருக்கலாம் என்று இங்கிராம், ஸ்றெற்றன் என்னும் இருவர் 1959 இலேயே ஊகித்திருந்தனர். ஊகம் நன்று, அதனை அளந்து காட்டுவது எவ்வாறு? வெதரோல், ஜோன் கிளெக், மைக்கல் நோற்றன் ஆகியோர் அதற்கு வழி கண்டனர். குருதியில் புதிதாக வந்து சேர்ந்த இளஞ்செங்குழியங்கள் இன்னும் சிறிது காலம் ஈமோகுளோபினை ஆக்கிக்கொண்டேயிருக்கும். அவற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, கதிர்வீசும் அமினோ அமிலத்தை அவற்றுக்கு ஊட்டினார்கள். பின்னர் அல்பாச் சங்கிலியையும் பீற்றாச் சங்கிலியையும் வெவ்வேறாகப் பிரித்து, எதிலே எவ்வளவு கதிர்வீச்சு ஏறியுள்ளது என்று அளந்தார்கள். நலமுள்ளோரில் இரண்டும் சமம். பீற்றாத் தலசீமியாவில் பீற்றாச் சங்கிலி மிகக் குறைவு, அல்லது முற்றாகவே இல்லை. அல்பாவோ வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. இம்முடிவுகள் 1965 இல் 'நேச்சர்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்தன.

இந்த அளவீட்டினால் நோயைப் பற்றிய எண்ணமே திசை திரும்பியது. பீற்றா இல்லாமையை விட, துணையின்றி மிஞ்சி நிற்கும் அல்பாவே பெரிய கேடு செய்கின்றது. பல்லக்குத் தூக்க இருவர் வராதபோது, வந்த இருவர் வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. வாசலிலே கூட்டமாய் நின்று வழியை அடைக்கின்றனர். மிஞ்சிய அல்பாச் சங்கிலிகள் கட்டிபட்டு, என்பு மச்சையிலேயே இளங்குழியங்களைக் கொன்றுவிடுகின்றன. அத்தகைய கட்டிகளை ஏதென்ஸ் நகரத்து மருத்துவர் பெஸ்ஸாஸ் 1963 இலேயே நுணுக்குக்காட்டியிற் கண்டிருந்தார். குழியங்கள் இறக்க இறக்க, மச்சை மேலும் மேலும் முயன்று பெருக்கின்றது. அதனாலே முகத்து எலும்புகள் விரிகின்றன; மண்ணீரல் பருக்கின்றது; குழந்தை உண்ணும் உணவெல்லாம் பயனற்ற அந்த உழைப்புக்கே இரையாகின்றது.

1965 இல் வெதரோல் லிவர்ப்பூலுக்கே மீண்டார். கிளெக்கும் அவரோடு வந்து சேர்ந்தார். ஒருவர் மருத்துவர், மற்றவர் இரசாயன அறிஞர். இவ்விருவரின் கூட்டு பல பத்தாண்டுகள் நீடித்தது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய நட்புகளின் பயனைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்படவேண்டும். பெரிய பரிசுகள் தனிமனிதரைத் தேடியே செல்கின்றன. ஆனால் நோயாளியைத் தொட்டு அறிந்தவரும் புரதத்தைப் பிரித்து அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்திராவிடில், இக்கதையில் வரும் கண்டுபிடிப்புகளிற் பல நிகழ்ந்தே இரா.

1971 இல் அவர்கள் விளக்கிய ஒரு விந்தை குறிப்பிடத்தக்கது. யமேக்காத் தீவிலே கொன்ஸ்ரன்ற் ஸ்பிறிங் என்னும் ஊரைச் சேர்ந்த சீனக் குடும்பமொன்றில் புதுவகை ஈமோகுளோபின் ஒன்று காணப்பட்டது. அல்பாச் சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள் இருத்தல் இயல்பு. இதிலோ 31 மிகையாக இருந்தன. காரணம் என்ன? பரம்பரையலகின் எழுத்துகளுள் ஒன்று மாறியதால், வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அழிந்துபோயிருந்தது. வாசிக்கும் பொறி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் அப்பாலும் வாசித்துக்கொண்டே போயிற்று. மிக நீண்ட அச்சங்கிலி மிகச் சிறிதளவே ஆக்கப்பட்டமையால், விளைவு அல்பாத் தலசீமியாவாக முடிந்தது. ஓர் எழுத்துப் பிழையால் ஒரு குடும்பம் நோயுறுவது எங்ஙனம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

1974 இல் அவர் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் நபீல்ட் மருத்துவப் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே வேறொரு பெரிய முடிவும் வெளிவந்தது. அல்பாத் தலசீமியாவின் கொடிய வடிவத்திலே, குழந்தை தாயின் வயிற்றிலேயே நீர்கோத்து வீங்கி இறந்துவிடும். தென்கிழக்காசிய நாடுகளில் இது அரிதன்று. அத்தகைய சிசுக்களில் அல்பாப் பரம்பரையலகு பழுதுபட்டிருக்கவில்லை, இருந்த இடமே தெரியாமல் முற்றாக அழிந்துபோயிருந்தது என்பதை வெதரோலின் குழுவும் கிளாஸ்கோ நகரத்து அறிஞரும் சேர்ந்து நிறுவினர். அமெரிக்காவில் கானின் குழுவும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தது. மனிதனின் பரம்பரை நோயொன்று பரம்பரையலகின் இழப்பினாலே நேர்வது அப்போதுதான் முதன்முதலாக நேரே காட்டப்பட்டது.

இவ்வறிவு பெற்றோருக்கு என்ன செய்தது என்னும் வினா எழுவது இயல்பு. பீற்றாத் தலசீமியாவின் குறைபட்ட பரம்பரையலகு ஒன்றை மட்டும் உடையோர் நோயாளரல்லர். அதனைச் சுமப்போர் மட்டுமே. அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு நோய்க்குழந்தை பிறக்கும் வாய்ப்புண்டு. கருவுற்ற முதல் மூன்று மாதத்துள்ளேயே குழந்தையின் டி.என்.ஏ.யைச் சோதித்து நோயை அறியும் முறையை, ஒக்ஸ்போட் குழுவும் இலண்டன் மருத்துவரும் 1982 இல் வெளியிட்டனர். சைப்பிரசுத் தீவிலும் சார்டீனியாவிலும் மணமாவோரின் குருதியைச் சோதித்தும், கருவைச் சோதித்தும், நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகை மிகச் சிறிதாக்கப்பட்டது. கருவைக் கலைப்பதா என்னும் கேள்வியில் மதங்களும் மனச்சாட்சிகளும் வெவ்வேறு விடை கூறும். விடை எதுவாயினும், தம் குழந்தைக்கு வரப்போவது என்ன என்பதைப் பெற்றோர் முன்னரே அறியும் வழி திறந்தது.

இந்நோய்க்கான பரம்பரையலகு இத்தனை கோடி மக்களிடம் ஏன் நிலைத்தது? கேடு செய்வது மறைந்துபோகவேண்டுமன்றோ? ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்னும் பேரறிஞர் 1949 இல் ஒரு கருத்தை வெளியிட்டார். பின்னாளில் இந்தியாவிலே குடியேறிப் புவனேசுவரத்தில் 1964 இல் மறைந்தவர் அவர். தலசீமியாவைச் சுமப்போரை மலேரியா எளிதிற் கொல்வதில்லை. ஆதலால் மலேரியா மலிந்த நாடுகளில் அவர்களே மிஞ்சினர் என்பது அவர் எண்ணம். அதற்கு வலுவான சான்று 1986 இல் வந்தது. வெதரோலின் குழுவினர் பப்புவா நியூகினி தொடங்கிப் பசிபிக்குத் தீவுகள் வரையில் மக்களின் குருதியை ஆராய்ந்தனர். மலேரியா மிகுந்த தாழ்நிலங்களில் அல்பாத் தலசீமியா மிகுதி. மலைமீது ஏற ஏறவும், மலேரியா குறைந்த தென்கிழக்குத் தீவுகளுக்குப் போகப் போகவும் அது குறைந்துகொண்டே சென்றது. வேறு பரம்பரைக் குறிகள் அவ்வாறு படிப்படியாகக் குறையவில்லை. ஆகவே இது குடிபெயர்வின் தற்செயலன்று என்பது தெளிவாயிற்று.

பட்டங்களும் பதவிகளும் அவரைத் தேடி வந்தன. 1977 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினர். 1987 இல் சேர் பட்டம். 1992 முதல் 2000 வரை ஒக்ஸ்போட்டில் றீஜியஸ் மருத்துவப் பேராசிரியர். 2010 இல் லஸ்கர் பரிசு. இவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. 1989 இல் ஒக்ஸ்போட்டின் ஜோன் றட்கிளிப் வைத்தியசாலை வளவிலே அவர் நிறுவிய மூலக்கூற்று மருத்துவ நிலையமே குறிப்பிடற்பாலது. நோயாளியின் கட்டிலுக்கும் ஆய்வுகூடத்தின் மேசைக்கும் இடையே நடந்துபோகும் தூரந்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் ஓய்வுபெற்ற 2000 ஆம் ஆண்டில் அந்நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இனி இரும்பின் கதைக்கு வருவோம். குருதி ஏற்றப்பட்ட குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர், ஓடி விளையாடினர், வளர்ந்தனர். ஆயினும் பதின்வயதை எட்டியதும் அவர்களின் வளர்ச்சி நின்றது, பூப்பெய்தல் தவறியது, நீரிழிவு தோன்றியது, இருபது வயதை அணுகும்போது இருதயம் தளர்ந்து பலர் மாண்டனர். ஈரலிலும் சுரப்பிகளிலும் இருதயத் தசையிலும் இரும்பு படிந்தமையே காரணம். உயிர் காத்த மருந்தே காலம் பார்த்திருந்து உயிரை வாங்கியது. மண்ணிலே வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்த டெஸ்பெரியொக்சமீன் என்னும் மருந்து இரும்பைப் பற்றிப் பிடித்துச் சிறுநீரோடும் மலத்தோடும் வெளியேற்றவல்லது. ஆனால் அது வாய்வழி உட்கொள்ளும் மருந்தன்று. வயிற்றுத் தோலினடியில் ஊசியைச் செருகி, சிறு பம்பியொன்றின் துணையோடு இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு இரவுகள், ஆயுள் முழுவதும் ஏற்றவேண்டும். செல்வ நாடுகளிலேயே பிள்ளைகள் இதனைச் சலித்து வெறுத்தனர். ஏழை நாடுகளிலோ மருந்தின் விலையே எட்டாத உயரத்தில் நின்றது. வாயால் விழுங்கும் மருந்துகள் பின்னரே வந்தன. அவையும் குறையற்றவை அல்ல.

ஆகவே எந்தக் குழந்தைக்குக் குருதி ஏற்றுவது, எதற்கு ஏற்றாதிருப்பது என்னும் தீர்ப்பு இந்நோயில் மிகப் பெரியது. ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் இரும்போடு போராடவேண்டும். தொடங்காவிடில் சில குழந்தைகள் இறக்கும். சில குழந்தைகளோ ஏற்றாமலே நன்றாக வாழும். முன்கூட்டி இருசாராரையும் பிரித்தறிவது எவ்வாறு? இந்தக் கேள்வியே வெதரோலை இலங்கைக்குக் கொண்டுவந்தது எனலாம்.

1990களின் பிற்பகுதியில் அவரும் கனடா நாட்டு மருத்துவர் நான்சி ஒலிவியேரியும், இலங்கை மருத்துவர்களான சாந்திமாலா டி சில்வா, அனுஜ பிரேமவர்தன முதலியோரும் சேர்ந்து குருநாகலை நடுவாகக் கொண்டு ஆய்வைத் தொடங்கினர். நாட்டில் தலசீமியா நோயாளர் மிகுதியாக உள்ள பகுதி அது. 2000 ஆம் ஆண்டில் 'லான்செற்' சஞ்சிகையில் வந்த அவர்களது அறிக்கை, இத்தீவில் 23 வகையான பீற்றாத் தலசீமியா மாற்றங்கள் உள்ளன என்றும், ஆயினும் அவற்றுள் மூன்றே நோயாளரில் ஏறக்குறைய 70 சதவீதத்தினரின் நோய்க்குக் காரணமாகும் என்றும் காட்டியது. எக்காலத்திலும் 2,000 க்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும், அவர்களிற் சுமார் 40 சதவீதத்தினர் 'ஈமோகுளோபின் ஈ - பீற்றாத் தலசீமியா' என்னும் கலப்பு நோயுடையோராக இருப்பர் என்றும் அது மதிப்பிட்டது.

இந்தக் கலப்பு நோயே புதிர்களிற் பெரும் புதிர். ஒரு பெற்றோரிடமிருந்து பீற்றாத் தலசீமியாவும், மற்றவரிடமிருந்து ஈமோகுளோபின் ஈ என்னும் மாறுபட்ட வகையும் வந்து சேர்வதால் உண்டாவது அது. இதே குறைகளைச் சுமக்கும் இருவரில் ஒருவர் குழந்தைப் பருவத்திலேயே குருதியை நம்பிக் கிடப்பார். மற்றவர் மணமுடித்துப் பிள்ளை பெற்று வாழ்வார். இத்தகைய நோயாளர் 109 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நோயின் கடுமைக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரித்து, 2005 இல் அக்குழு தன் முடிவை வெளியிட்டது. ஈமோகுளோபினின் அளவு மட்டும் நோயின் கடுமையைச் சொல்லிவிடாது என்பது அதன் சாரம். ஏறக்குறைய ஒரே அளவு குருதிச்சோகை உடையோருள்ளும் சிலர் சோர்ந்து கிடந்தனர், சிலர் நலமாயிருந்தனர். குருதி ஏற்றப்பட்டுவந்தோர் பலருக்கு அதனை நிறுத்தியபோதும் தீங்கு நேரவில்லை.

இதன் காரணத்தைத் துருவியபோது மற்றொன்று வெளிப்பட்டது. குருதி குறைந்தால், சிறுநீரகம் எரித்திரோபொயிற்றின் என்னும் ஓமோனைச் சுரந்து மச்சையை ஏவும். ஒரே அளவு சோகைக்குச் சிறு குழந்தைகளில் இச்சுரப்பு மிக அதிகம். வயது ஏற ஏற அது தணிகின்றது. இதனை அக்குழு 2007 இல் வெளியிட்டது. ஏவல் மிகுந்தால் மச்சை மிகைப்பட விரியும். எலும்பும் மண்ணீரலும் பெருக்கும். ஆகவே மூன்று வயதில் மோசமாகத் தோன்றும் குழந்தை பத்து வயதில் தானாகவே தேறவுங்கூடும். நோயைக் கண்ட மறுநாளே குருதிப் போத்தலைத் தொங்கவிடாது, சில காலம் பொறுத்து, குழந்தையின் வளர்ச்சி, உற்சாகம், முகத்தின் அமைப்பு ஆகியவற்றைக் கண்காணித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது. நுணுக்கமான கருவிகளெல்லாம் வந்த பின்னும், மருத்துவரின் கண்ணுக்கு வேலை குறையவில்லை.

இரும்பின் காவலனைப் பற்றிய அறிவும் இக்காலத்திலேயே வளர்ந்தது. ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு ஓமோனே குடலின் வாயிலைத் திறக்கவும் மூடவும் கட்டளையிடுகின்றது என்பது 2001 ஆம் ஆண்டையொட்டித் தெரியவந்தது. தலசீமியாவில் விரிந்து பெருகும் மச்சை, இரும்பு போதவில்லை என்று ஈரலுக்குப் பொய்ச்செய்தி அனுப்பி ஹெப்சிடினை அடக்கிவிடுகின்றது. காவல் தளர்கின்றது, ஆகவே குருதி ஒரு துளியும் ஏற்றப்படாத நோயாளரிலும் உணவின் இரும்பே மெல்ல மெல்ல வந்து குவிகின்றது. இலங்கையரின் குருதியைக் கொண்டு வெதரோலும் பிறரும் செய்து 2015 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஈமோகுளோபின் ஈ கலந்த நோயாளரில் இவ்வாறு நேர்வதை உறுதிப்படுத்தியது. நோயின் அறிகுறியே இல்லாத, பீற்றாத் தலசீமியாவைச் சுமப்போரிலும் ஹெப்சிடின் சற்றுத் தாழ்ந்திருத்தலை அது காட்டியது. வெளிறிய பிள்ளையைக் கண்டதும் இரும்புக் குளிகை கொடுப்பது நமது வீடுகளில் வழக்கம். சோகையின் காரணம் இரும்புக் குறைவா, தலசீமியாவா என்று முதலிலே சோதித்தறிவது வீண் வேலையன்று.

நாட்டின் 25 மாவட்டங்களையும் சேர்ந்த பள்ளி மாணவரின் குருதியை ஆராய்ந்த முடிவு 2017 இல் வெளியாயிற்று. சில மைல் தூரத்துக்குள்ளேயே, சுமப்போரின் தொகை ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபட்டது. முன்னாளில் மலேரியா தாண்டவமாடிய இடங்களும் அதன் கை படாத இடங்களும் அருகருகே இருந்த நாடு இது. 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு கொண்டுவந்த காய்ச்சல் போயிற்று. அக்காய்ச்சலுக்கு அரணாக நின்ற பரம்பரையலகு மட்டும் குருதியிலே எஞ்சியிருக்கின்றது.

வெதரோல் ஏழை நாடுகளுக்குச் செல்வோரின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தவர். குருதி மாதிரிகளைத் திரட்டிக்கொண்டு விமானமேறி, தம் நாட்டில் கட்டுரை எழுதும் வழக்கம் அவருக்கு உடன்பாடன்று. உள்ளூர் மருத்துவரைப் பயிற்றி, உள்ளூரிலேயே சிகிச்சை நிலையமும் ஆய்வும் வேரூன்றச் செய்து, பல ஆண்டுகள் கூட நிற்றலே முறை என்றார். மனிதப் பரம்பரைத் தொகுதியின் அறிவால் ஏழை நாடுகள் பெறத்தக்க நன்மையைப் பற்றி 2002 இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்களில் தலைமையானவரும் அவரே. அவர் 2018 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் காலமானார்.

2023 நவம்பரில் பிரித்தானிய அரசு, பரம்பரையலகைத் திருத்தித் தலசீமியாவைத் தீர்க்கும் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி வழங்கியது. நோயாளியின் மச்சைக் குழியங்களை வெளியே எடுத்துத் திருத்தி, மீண்டும் உட்செலுத்தும் முறை அது. அமெரிக்காவிலே அதற்கு இட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். குருநாகல் விடுதியில் இரும்பகற்றும் மருந்துக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் ஏற இன்னும் நெடுங்காலமாகும். அதுவரையில் அப்பிள்ளைக்கு அளந்து ஏற்றிய குருதியும், தவறாது உட்கொள்ளும் மருந்துமே துணை.